பக்கத்துக் கட்டம்

அந்த அலுவலகத்தில் தலையெழுத்தை எழுதுகிறவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. உட்காரும் இடத்தை எழுதுகிறவள் முதல் மாடியில், நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுக்குக் கட்டக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அது ஒரு காப்பீட்டு நிறுவனம். மூன்று மாடிகளிலும் யார் யார் எங்கெங்கே உட்கார வேண்டும் என்பது அவளுடைய கணினித் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தது. கட்டத்துக்கு ஒரு பெயர். மவுஸை அழுத்திப் பிடித்து, இழுத்து, வேண்டிய மேசையின் மேல் கொண்டுபோய் விட்டால் ஆள் இடம் மாறிவிட்டார் என்று அர்த்தம். அதன்படி சனிக்கிழமை சுமை ஆட்கள் வந்து நிஜ மேசைகளை இழுப்பார்கள். திரையில் சத்தமே இல்லாமல் நகர்ந்த கட்டம், தரையில் நகரும்போது பல் கூசும்.

ஒரு தடவை இழுத்துக்கொண்டிருக்கும்போது தும்மல் வந்தது. விரல் வழுக்கி, கணக்குப் பிரிவுத் தலைவரைப் பழைய பொருட்கள் போடும் அறையில் விட்டுவிட்டாள். கவனிக்கவில்லை. சுமை ஆட்கள் படத்தில் உள்ளபடி அவருடைய மேசையைக் கொண்டுபோய் உடைந்த நாற்காலிகளுக்கும் ஓடாத மின்விசிறிகளுக்கும் நடுவில் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை வந்த மனிதர் மூச்சுவிடவில்லை. முதலாளிக்குத் தன்மேல் ஏதோ கோபம் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டு, அந்த அறையிலேயே உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் பார்த்தார். இரண்டு நாள் கழித்துக் கட்டக்காரி விஷயம் தெரிந்து ஓடியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னைக் கழட்டி விடப்போறாங்கன்னு நெனச்சேம்மா."

"யாரையாவது கேட்டிருக்கலாமே சார்."

"எப்படிம்மா கேக்கறது?"

அலுவலகமே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கட்டக்காரி மட்டும் சிரிக்கவில்லை. கேட்க வாய் வராத கூட்டத்தில் அவளும் ஒருத்தி.

அது சின்ன வயதிலேயே ஆரம்பித்தது. வீடு நிறையப் பிள்ளைகள். இவள் நடுவில். அம்மாவிடம் எதைக் கேட்டாலும் "கொஞ்சம் இரு" என்று பதில் வரும். அந்தக் கொஞ்சம் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரியில் இருந்த சர்க்கரை டப்பாவைத் தானே எடுக்கப் பழகிக்கொண்டாள். அப்பாவுக்கு அதில் பெரிய பெருமை. "இவளுக்கு யாரும் வேணாம், ஒரு ஸ்டூலு இருந்தாப் போதும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பாராட்டு என்றுதான் அவளும் எடுத்துக்கொண்டாள். பிள்ளைகளைப் பாராட்டும்போதும் பெரியவர்கள் கொஞ்சம் யோசித்துப் பேசினால் தேவலை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவரை அவளுக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் இவளைப் பிடித்திருந்ததாகத்தான் கேள்வி. அவர் வாய் திறப்பார் என்று இவள் இருந்தாள். இவள் திறப்பாள் என்று அவர் இருந்தார் போலிருக்கிறது. இரண்டு வருடம் இப்படியே ஓடியது. நடுவில் வாயுள்ள ஒருத்தி வந்து நேரடியாகக் கேட்டு, கல்யாணமும் செய்துகொண்டு போய்விட்டாள். கட்டக்காரி அந்தக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, அன்று சாயங்காலம் அழுதாள். பிறகு அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, உடன்பிறந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் இருக்க, ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தாள். மழைக்காலத்தில் மேற்குச் சுவரில் ஈரம் ஏறிவிடும். கட்டிலையும் இரும்பு அலமாரியையும் அறை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அவற்றின் கால்களுக்கு அடியில் பழைய போர்வையைச் செருகி, முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து சாய்ந்து இழுப்பாள். கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி கொஞ்சம் நகரும்.

கீழே இருந்து வீட்டுக்காரர் குரல் கொடுப்பார். "மேல என்னம்மா, யானையைக் கட்டி இழுக்கறீங்களா?"

"ஒண்ணுமில்ல சார், முடிஞ்சிடுச்சு."

கூப்பிட்டால் ஏறி வந்து ஒரு கை கொடுக்கக்கூடிய மனிதர்தான் அவர். கூப்பிட வேண்டுமே. அலமாரி நடு அறைக்கு வந்து சேரும்போது அவளுக்கு இடுப்பு விட்டுப் போயிருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த மாடி ஏறினால், திங்கட்கிழமை காலை வரை அவளிடம் பேச ஆளில்லை. கடைக்காரர் "சில்லறை இருக்கா?" என்று கேட்பார், அவ்வளவுதான். திங்கட்கிழமை அலுவலகத்தில் பக்கத்து மேசையிலிருந்து "வந்துட்டியா, பஸ்ல கூட்டமா?" என்று குரல் வரும்போது தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். குரல் அத்தனை நேரம் உபயோகமில்லாமல் கிடந்திருக்கும்.

அந்தப் பக்கத்து மேசைக்காரிக்கு அலுவலகம் வைத்த பெயர் ரேடியோ. தபால் பிரிவில் வேலை. கட்டக்காரியைவிட நாலைந்து வயது பெரியவள். காலையில் பையைக் கீழே வைக்கும்போது திறக்கிற வாய், சாயங்காலம் பையை எடுக்கும்போதுதான் மூடும். வீட்டுக் குழாய் ஒழுகியது, மருமகனுக்கு வேலை மாறியது, முட்டிவலிக்கு டாக்டர் சொன்னது, பேத்திக்கு முன்பல் விழுந்தது எல்லாம் ஒலிபரப்பாகும். மதியம் இரண்டு பேரும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்வார்கள். ரேடியோ பேசும். கட்டக்காரி "ம்" என்பாள்.

அந்த அலுவலகத்தில் வருடத்துக்கு ஒரு தடவையாவது எல்லா மேசையும் இடம் மாறும். மேலிடத்துக்கு வேறு வேலை இல்லாதபோது இப்படித்தான் ஏதாவது செய்வார்கள். ஒவ்வொரு தடவையும் கட்டக்காரி முதல் வேலையாக இரண்டு கட்டங்களைப் பக்கத்துப் பக்கத்தில் இழுத்து வைத்துவிடுவாள். ஒன்று அவளுடையது, மற்றது ரேடியோவுடையது. அப்புறம்தான் மற்ற ஜனங்கள். ஒரு மாறுதலில் தபால் பிரிவு முழுவதும் மேல்மாடிக்குப் போனது. ரேடியோ மட்டும் தூண் மறைக்கிறது, அளவு சரியில்லை என்று ஏதோ காரணத்தில் முதல் மாடியிலேயே தங்கிவிட்டாள். தற்செயல் என்று எல்லோரும் நினைத்தார்கள். நினைத்தார்கள் என்று கட்டக்காரி நினைத்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் ரேடியோ கேட்டாள்: "மேல ஜன்னலோரமா ஒரு இடம் காலியாகுதாமே. என்னை அங்க போட்டுடேன்."

கட்டக்காரி ஏன் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. "பாக்கறேன்க்கா" என்றாள்.

அன்று சாயங்காலம் அந்த ஜன்னலோர மேசையில் ஒரு புதுக் கட்டத்தை உண்டாக்கி இழுத்து வைத்தாள். பெயர் போடாமல் கட்டம் உண்டாக்க முடியாது என்று கணினி அடம்பிடித்ததால், 'புதியவர்' என்று போட்டாள். மறுநாள் ரேடியோவிடம், "அங்க யாரோ புதுசா வராங்களாம்க்கா" என்று சொன்னாள். சொல்லும்போது முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பொய்யை உண்டாக்குவது சுலபம், அதற்கு அலுவலகத்தில் கிடைக்கிற மரியாதையைத் தாங்குவதுதான் கஷ்டம். கம்ப்யூட்டர் பிரிவு ஆள் படத்தைப் பார்த்துவிட்டு அங்கே ஒரு புது இயந்திரத்தைக் கொண்டுவந்து மாட்டினார். துப்புரவு அம்மா தினமும் அந்த மேசையைத் துடைத்துத் தண்ணீர் பாட்டில் வைத்தார். வராத ஆளுக்கு இத்தனை உபசாரமா என்று முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு, புதியவர் முதலாளிக்குச் சொந்தம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அதோடு முணுமுணுப்பு நின்றது. அந்த நாற்காலியில் பையை வைக்கக்கூட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. மாடிப்படியில் அவரைப் பார்த்ததாகவும், கண்ணாடி போட்டிருந்ததாகவும் ஒருவர் சத்தியம் செய்தார். நிர்வாக மேலாளர்கூடக் கட்டக்காரியிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "நம்ம புது ஆளு என்னிக்கு வராரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"தெரியல சார்" என்றாள் அவள். அது மட்டும் உண்மை.

தூக்கம் போயிற்று. கட்டத்தை எடுத்துவிடலாம் என்று பல தடவை மவுஸில் கை வைத்தாள். எடுத்தால் ரேடியோ மேலே போய்விடுவாள். போய்விட்டால் திங்கட்கிழமை காலை என்ன செய்வது? கையை எடுத்துவிடுவாள்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ரேடியோ தன் நாற்காலியைக் கரகரவென்று இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் புதியவர் நல்லா இருக்காரா?"

"இன்னும் வரலக்கா."

"வரமாட்டாரு. எனக்கு மொத நாளே தெரியும். இங்க யாரைச் சேர்த்தாலும் போட்ட கையெழுத்து காயறதுக்குள்ள எனக்குச் சேதி வந்துடும். என்கிட்டயே கதை விடறியே."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை என்றிருந்தது கட்டக்காரிக்கு.

"நீயா எடுத்துடுவேன்னு இத்தனை நாள் பாத்தேன். அது மட்டுமா? ஒவ்வொரு தடவை இடம் மாத்தும்போதும் நான் எப்படி உன் பக்கத்துலயே வந்து விழறேன்னு தெரியாத மக்குன்னு நெனச்சியா? இழுக்கறவ நீ. சரி, நம்மளைப் பிடிச்சுத்தானே பக்கத்துல வெச்சுக்கறான்னு எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

கட்டக்காரிக்கு உடம்பெல்லாம் கூசியது. "அப்புறம் ஏன்க்கா போகணும்ங்கறீங்க?"

"பசங்க கல்யாணமாகிப் போனப்புறம் வீட்டுல பேச ஆளு ஏது? அவரு காதுல எதையோ மாட்டிக்கிட்டு டிவி முன்னாடி உக்காந்துடறாரு. நான் சுவத்தோட பேசிக்கிட்டுக் கெடக்கறேன். இங்க வந்தும் சுவத்தோட பேசணுமா, சொல்லு."

அடி எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. அந்த இரண்டு மேசையில் தான் மட்டும்தான் தனியாள் என்று அவள் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே இருக்கிறவளுக்குத் தனிமை இருக்கும் என்று தோன்றவே இல்லை.

"நான் எல்லாத்தையும் காது குடுத்துக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்க்கா. உங்க பேத்திக்கு எந்தப் பல்லு விழுந்துச்சுன்னுகூட எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியணுமா இல்லையா?"

ரேடியோ விடவில்லை.

"மேசையை இழுக்கற மாதிரி என்னை இழுத்து வெச்சுக்கிட்டே. இருங்கக்கான்னு ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருக்கியா? சொல்லியிருந்தா நான் சரின்னு சொல்லியிருப்பேன், இல்ல முடியாதுன்னு சொல்லியிருப்பேன். ரெண்டுல ஒண்ணு சொல்ற உரிமையாவது எனக்கு இருந்திருக்கும்."

கட்டக்காரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அலமாரியை நகர்த்துவதைவிட ஒரு வார்த்தையை நகர்த்துவது இத்தனை சிரமமா என்று இருந்தது. தொண்டையைச் செருமினாள். குரல் பாதிதான் வந்தது.

"இருங்கக்கா. எனக்கு வேற யாரும் இல்ல."

ரேடியோ உடனே ஒன்றும் சொல்லவில்லை. கட்டக்காரி அறிந்து அந்த வாய் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. உண்மையாகவே யோசிக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"இல்லம்மா. நான் போறேன். மேல நாலு பேரு சிரிச்சுப் பேசறாங்க. எனக்கு இப்ப அது வேணும்."

வலித்தது. ஆனாலும், அவள் கேட்டு, அவளுக்கென்று ஒருவர் யோசித்துச் சொன்ன பதில் அது. இதற்கு முன் அவளுக்கு அப்படி எதுவும் கிடைத்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைப் பக்கம் திரும்பினாள். ஜன்னலோரம் இருந்த புதியவரை அழித்தாள். ரேடியோவின் கட்டத்தை அழுத்திப் பிடித்து மேல்மாடிக்கு இழுத்தாள். பாதியிலேயே விரலை எடுத்துவிட்டதில் கட்டம் நடைபாதையில் விழுந்து, விசுக்கென்று மறுபடி அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி இழுத்தாள். ரேடியோ அவள் தோள்மேல் கை வைத்து, குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூணு பக்கம் விட்டுடாதே. ஜன்னலோரமாப் போடு."

ஜன்னலோரமாகப் போட்டாள். அவளுடைய கட்டத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு இடம் தெரிந்தது. இடம் கிடைக்காதவர்களின் பெயர்கள் திரையின் ஓரத்தில் வரிசையாக நின்றன.

"இங்க யாரைப் போடப் போறே?" என்றாள் ரேடியோ.

கட்டக்காரி மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"தெரியலக்கா. யாரையாவது போய்க் கேக்கணும்."