சோதினைக்கு ஆயத்தமான வீடு

நான் தனியாகப் போய் அளந்த முதல் வீடு ரூஜ் என்னும் புறநகரில் இருந்தது. இந்தக் குளிர் நாட்டு வீடுகளில் சூடு வீணாவதைக் குறைக்க மத்திய அரசு உதவி கொடுத்துக்கொண்டிருந்த காலம். திருத்த வேலைக்கு முன்னும் பின்னும் வீட்டை அளந்து, முன்னேற்றத்தைப் பார்த்துத்தான் உதவி. அளப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அடையாள அட்டையை ஜக்கெற்றுக்கு மேலே தெரியும்படி இழுத்துவிட்டுத்தான் மணியை அடித்தேன்.

அந்த வீட்டுக்கார அங்கிளும் அன்ரியும் வாசலில் நின்றார்கள். கராஜுக்கு மேலுள்ள அறைதான் அவர்கள் கவலை. அங்கே அவர்களின் மகள் குளிர் ஜக்கெற்றோடு இருந்து படிக்கிறாளாம். இந்த உதவி கிடைத்தால்தான் அதைத் திருத்தலாம்.

முன்வாசலில் பெரிய விசிறியைப் பூட்டினேன். அது வீட்டுக் காற்றை வெளியே தள்ள, வெளிக்காற்று ஓட்டைகளால் உள்ளே வரும். எவ்வளவு வருகிறதென்று கருவி காட்டும். காட்டிய அளவைப் பார்த்துத் திகைத்தேன். முப்பது வயது வீட்டுக்குள், புது வீட்டைப்போல மிகக் குறைந்த காற்றே வந்தது.

திரையை விலக்கினேன். ஜன்னல் விளிம்பெல்லாம் ஒட்டு ரேப். பிளக்குகளுக்கு மேலும் ரேப். கராஜ் அறைக் கதவடியில் ஒரு பழைய சேலை.

"அங்கிள், உதெல்லாம் என்ன?"

"நீர்தானே பிள்ளை போனில சோதினை எண்டனீர். மூண்டு நாளா ஒட்டினனான். பெயிலாகக் கூடாதெல்லோ."

நான் சொன்னது சோதனை. அவர் காதில் விழுந்தது சோதினை, பள்ளிக்கூடத்துப் பரீட்சை.

"நான் அப்பவே வேண்டாமெண்டு சொன்னனான்," என்றார் அன்ரி. "இவர் தான் படிக்கேக்கை ஒருநாளும் இப்பிடி ஆயத்தப்படுத்தேல்லை."

"இப்ப நல்ல மார்க்ஸ் எடுத்தா முன்னேற்றம் காட்ட ஏலாது, அங்கிள். அறை உப்பிடியே கிடக்கும். உந்தச் சோதினையில பெயிலாகோணும்."

வாழ்நாளில் எதிலும் பெயிலாகாத நான் இதைச் சொன்னேன். அங்கிள் நம்பவில்லை.

"அரசாங்கம் பிறகு ஏதும் கேக்காதோ?"

"ஓட்டை எங்கையெண்டு மட்டும்தான் கேக்கும்."

அவர் ஜன்னலடிக்குப் போய் முதல் ரேப்பை உரித்தார். பிறகு மூவருமாக உரித்தோம். சேலையை இழுத்தெடுத்த அன்ரி, "தேடின சேலை," என்று தோளில் போட்டுக்கொண்டார்.

மறுபடி விசிறியைப் போட்டேன். திரைகள் உப்பி எழுந்தன. அங்கிள் பிளக் பிளக்காகக் கையை வைத்துப் பார்த்தார்.

"இஞ்சையும் வருது. இஞ்சை வாரும், இதில இன்னும் கூட வருது." அறைக்கு அறை அன்ரியைக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார்.

"எப்பிடி, பிள்ளை?"

"படு மோசம், அங்கிள்."

முகம் மலர, பிறம்ரனிலிருக்கும் தம்பிக்கு உடனே போன் எடுத்தார்.

"எங்கட வீடு பெயில். உன்ர வீட்டுக்கும் இந்தப் பிள்ளையைக் கூப்பிடு. ஆனா சோதினைக்கு ஒண்டும் படிச்சுப்போடாதை."