தண்ணீர் காந்தத்தில் ஒட்டாது

எங்கள் தெரு தாஸ் அண்ணன் தன் டீசல் காரில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிச் செல்கிறவர். கார் நேற்று பாதி வழியில் நின்றுவிட்டது. திங்கட்கிழமை ஓடாவிட்டால் அந்த ட்ரிப் வேறு வண்டிக்குப் போய்விடும்.

மெக்கானிக்கல் படித்தவன் என்று இன்று என்னையும் சர்வீஸ் சென்டருக்குக் கூட்டிப் போனார்.

அங்கிருந்த சர்வீஸ் அட்வைசர் சொன்னார்: "டீசல்ல தண்ணி சார். பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் மாத்தணும். வாரண்டி போன மாசமே முடிஞ்சிருச்சு."

காரிலிருந்து இறக்கிய டீசல் ஒரு பாட்டிலில் இருந்தது. அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. என் சட்டைப் பையில், கம்பெனியில் இரும்புத் துகள் பார்க்க வைத்திருக்கும் சின்னக் காந்தம் கிடந்தது. உள்ளே விட்டேன். இரும்புத் தூள் அப்பிக்கொண்டு வந்தது.

"தண்ணி காந்தத்துல ஒட்டாது. பம்ப் தானா தேஞ்சு கொட்டியிருக்கு" என்றேன்.

அட்வைசர் மறுக்கவே இல்லை. "கரெக்ட் சார். பம்ப் ஃபால்ட்டுதான். வாரண்டி இருந்தா ஃப்ரீயா மாத்திருப்போம்."

வெளியே வந்ததும் தாஸ் அண்ணன் கேட்டார்: "இன்னா நைனா, இப்டி பண்ணிட்ட? தண்ணின்னு சொல்லிக்கினு இருந்தா டீசல் போட்ட பங்க்காரன்கிட்டயாவது சண்ட போட்டிருப்பேன். இப்போ யார்கிட்ட போறது?"

வாரண்டி முடிந்ததும் இப்படிப் பம்ப் பழுதானவர்கள் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். யாரிடம் போவதென்று தெரியாவிட்டாலும் கூட்டமாகப் போகலாம்.