சித்தி மரியத்தின் தண்ணீர்

முதல் வாய்த் தண்ணீரை லத்தீப் நானா விழுங்கமாட்டார். நாக்கில் உருட்டிப் பார்த்து, வெங்காயப் பாத்தியில் துப்புவார். கரித்தால் கிணறு கெட்டது, கரிக்காவிட்டால் நல்லது. மாம்புரி மணலில் முப்பது வருடம் வெங்காயம் போட்டவருக்கு வேறு பரிசோதனை தெரியாது. "சீனி மாதிரி ஈக்கி" என்பார். அவருடைய இரத்தத்திலும் சீனிதான். இடது காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அதைச் சொல்லி முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

உரம் போடுவதில் தாராளக் கை. சொன்ன அளவுக்கு மேல் ஒரு பிடி, "புள்ளைகளுக்குச் சோறு அள்ளி வெக்கிற மாதிரி". அந்தப் பிடி மணலுக்குள் எங்கே போகிறது என்று அவர் கேட்டதில்லை. ஊரில் யார்தான் கேட்டார்கள்?

மனைவி சித்தி மரியம் சீனி வருத்தம் முற்றி, சிறுநீரகம் பழுதாகி மவுத்தானபோது, அதே கிணற்றிலிருந்து ரோட்டோரத்துக்குக் குழாய் இழுத்தார். அங்கே தண்ணீர்த் தாங்கி வைத்து, அதில் அவள் பெயரை எழுதினார். யாராவது குடித்துக்கொண்டிருக்கும்வரை நன்மை அவள் கப்றுக் குழிக்குப் போய்க்கொண்டே இருக்கும். நாலு வருடமாகப் பாதி ஊர் அங்கேதான் கேன் நிரப்பியது.

போன மாதம், தண்ணீரைச் சோதிக்கப் போத்தலில் கொண்டுபோன கெம்பஸ் பிள்ளை றுஷ்னா கடதாசியோடு வந்தாள். காட்மியம் கூடுதலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கிற உலோகமாம். உரத்தோடு இறங்கியிருக்கலாமாம். நாக்குக்குத் தெரியாதாம்.

"எங்கட மரியத்துக்கு வருத்தம் வந்தது இதாலயா மகள்?"

"உறுதியாச் சொல்ல ஏலாது மாமா. ஆனா குடிக்க வேணாம்."

இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் அந்தப் பிள்ளை. மனிதர் அன்றைக்குப் பாத்தி வரப்பில் உட்கார்ந்தவர், பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை எழும்பவில்லை.

எழும்பி, குழாயின் வாயைக் கம்பியால் கட்டினார். கேனோடு வந்த பக்கத்து வீட்டு நஸ்ஹாவிடம், "நஞ்சு மகள். நான்தான் போட்டன்" என்றார். அவள் நம்பவில்லை. நல்ல தண்ணீரைத் தர நானாவுக்கு மனமில்லை என்று இப்போது ஊரெல்லாம் கதை. அவர் கவலை வேறு.

"கட்டிட்டா அவவுக்கு நன்மை நிண்டு போகுமே. ஒராளாச்சும் குடிக்கணும்."

தினமும் விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வருகிறார். கம்பி முடிச்சை இன்னொரு முறை இறுக்குகிறார். தாங்கியில் அவள் பெயர்மேல் படிந்த மணலைத் துவாயால் துடைக்கிறார். பிறகு கிணற்றில் ஒரு குவளை மொண்டு, விறைத்த காலை மடக்கி உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, முதல் வாயையும் துப்பாமல், மூன்று மிடறாகக் குடித்து முடிக்கிறார்.