இரண்டு பூச்சு வாங்கிய ஷெட்

செம்பூரில் அப்பா தோட்ட வேலை பார்க்கும் குடியிருப்பின் பின்பக்கம், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு மர ஷெட் இருக்கிறது. மண்வெட்டி, பூவாளி, ரப்பர் குழாய், உரச்சாக்கு எல்லாம் அதற்குள்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பா காலை நீட்டுவதும் அங்கேதான். தாராவியில் எங்கள் வீட்டில் அவர் காலை நீட்டினால் யாராவது ஒருவர் எழுந்து வெளியே போக வேண்டியிருக்கும். பம்பாயில் அப்பாவுக்கென்று இருந்த இடம் அந்த ஷெட் ஒன்றுதான்.

மே மாதக் கடைசியில் அதன் கதவோரம் கரையான் ஏறியிருந்ததைக் குடியிருப்பின் செக்ரட்டரி பார்த்துவிட்டார். பாலக்காட்டுக்காரர். ஏதோ ஆபீஸில் ஃபைல் பார்த்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர்.

"மழைக்கு முன்னாடி மருந்தடிச்சு சரி பண்ணுங்கோ. மழை ஆரம்பிச்சப்பறம் நான் வந்து பார்ப்பேன். மரம் இத்துப் போயிருந்தா, பிரிச்சுட்டு அங்கே ஸ்கூட்டர் நிறுத்தலாம்னு கமிட்டியிலே பேச்சு" என்றார்.

"எம்மவன் படிச்சவன் சார், அவன் பாத்துக்கிடுவான்" என்று அப்பா சொல்லிவிட்டு வந்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அதனால் அச்சடித்த எழுத்து எதுவானாலும் என் கைக்கு வந்துவிடும். மின்சார நோட்டீஸ், மாத்திரை அட்டை, பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கம். கரையான் மருந்து டின்னும் வந்தது. ஆபீஸில் வெள்ளிக்கிழமை லீவு சொன்னேன். டின்னில் இருந்ததை ஒரு வரி விடாமல் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். முதல் வரி: மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

வெள்ளி காலையில் போனால், ஷெட் சொட்டச் சொட்ட நிற்கிறது. அப்பா கையில் குழாய். அம்மா கையில் விளக்குமாறு. கதவு நிலையில் மஞ்சள் தடவிக் குங்குமமும் வைத்தாயிற்று.

"என்னப்பா இது?"

"நல்ல காரியம் செய்யப் போறோம். கழுவி விடாம எப்படில ஆரம்பிக்கது?"

எங்கள் வீட்டுப் பழக்கம் அது. பொங்கலோ காதுகுத்தோ, முதலில் ஒரு வாளித் தண்ணீர் விழ வேண்டும்.

"மரம் காஞ்சிருக்கணும்னு டின்னுல போட்டிருக்குப்பா."

"காயும்ல. வெயிலு எங்க போயிரும்?"

"மரத்தைக் காயவைக்கதுக்கா லீவு போட்டுட்டு வந்த?" என்றாள் அம்மா.

அன்றைய நாள் அப்படிப் போயிற்று. சனிக்கிழமை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கண்ணுக்கும் கைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று போட்டிருந்தது. கையில் பால் கவர்களைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டேன். வாட்ச்மேனிடம் ஹெல்மெட் இரவல் வாங்கிக் கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

"ஏல, ஷெட்டுக்கு மருந்தடிக்கியா, சந்திரனுக்குப் போறியா?"

நான் சொன்ன பதில் ஹெல்மெட்டுக்கு வெளியே கேட்கவில்லை. நேர் வெயிலில் அடிக்கக் கூடாது என்றும் இருந்ததால், நான் போகும் பலகைக்கெல்லாம் அப்பா குடை பிடித்துக்கொண்டே வந்தார்.

"மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட நான் இப்படிக் குடை பிடிச்சதில்லல" என்றார்.

மூன்று பூச்சு அடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் முழுசாகக் காய வேண்டும். சனிக்கிழமை ஒன்று, ஞாயிறு ஒன்று. திங்கட்கிழமையும் லீவு சொல்லிவிட்டுப் பிரஷ்ஷோடு போய் நின்றேன். மழை பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அது விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை செக்ரட்டரி ஒரு கையில் குடையும் மறு கையில் ஸ்க்ரூ டிரைவருமாக வந்தார். பலகை பலகையாகக் குத்திப் பார்த்தார். எல்லாம் கெட்டியாக இருந்தன. கதவுக்குக் கீழே ஒரு இடத்தில் மட்டும் முனை கொஞ்சம் இறங்கியது.

"ம்" என்றார்.

அப்பா முந்திக்கொண்டார். "எல்லாம் முறைப்படி அடிச்சாச்சு சார்."

"இல்ல சார்" என்றேன் நான். "மூணு பூச்சு அடிக்கணும். ரெண்டுதான் அடிச்சிருக்கோம்."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில், எதற்குடா இவனைப் படிக்க வைத்தோம் என்று எழுதியிருந்தது. பொய் சொல்ல எனக்கு வரவில்லை. தாள் வேறு சட்டைப் பையில் இருந்தது.

"எங்கே, அந்த டின்னைக் கொண்டா."

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குடைக்குக் கீழே நின்றபடியே அவர் மேலிருந்து கீழ்வரை படித்தார். ஒரு டின்னை முழுசாகப் படிக்கும் இன்னொரு மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

"மூணுன்னுதான் போட்டிருக்கு. அப்போ வேலை முடியலை. முடியாத வேலையை நான் எப்படி இன்ஸ்பெக்ட் பண்றது?" என்றார். "ஈர மரத்துலே அடிக்கப்படாதுன்னும் இருக்கே. மழை விடட்டும். மூணாவதையும் அடிச்சுட்டுக் கூப்பிடுங்கோ. அதுவரைக்கும் பிரிக்கற பேச்சு வேண்டாம், கமிட்டிக்கு 'வேலை நடக்கிறது'ன்னு எழுதிடறேன்."

அவர் தலை மறைந்ததும் அப்பா என் முதுகில் ஒன்று வைத்தார். அடியா, தட்டிக்கொடுத்ததா, தெரியவில்லை.

மழை விட்டு, தீபாவளியும் போய்விட்டது. கேட் பக்கம் பார்க்கும்போதெல்லாம் செக்ரட்டரி, "மூணாவது ஆச்சா?" என்று கேட்கிறாராம். "பையனுக்கு நேரமே இல்ல சார்" என்கிறாராம் அப்பா. கதவடிப் பலகையை அப்பாவே சத்தமில்லாமல் மாற்றியும் விட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருக்கிறேன், இரண்டு பூச்சோடு விட்டால் மருந்து முழுசாக வேலை செய்யாது என்று போட்டிருக்கிறது, அரை டின் மிச்சம் இருக்கிறதே என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

அந்த டின்னை அப்பா எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியும். இருவரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.