ஒரே கூடை, இரண்டு ஊர்

நீர்க்கடுப்பில் துடிக்கும் மகளுக்காக, இன்று பாறசாலையில் எஸ்.டி.டி. பூத் வாசலில் வெள்ளரிக்காய் வாங்கினேன்.

"சுகமில்லாத பிள்ளைக்காக்கும். மருந்தடிச்ச காயா?" என்று வியாபாரியிடம் கேட்டேன்.

"இங்க பக்கத்துல நம்ம கோட்டுகால் காயாக்கும் மக்கா. மருந்தே கிடையாது. தைரியமாட்டு குடுக்கலாம்."

அடுத்து வந்த பெண், உள்ளூர்க் காய் கசக்கும் என்று மலையாளத்தில் முகம் சுளித்தார்.

"அய்யோ சேச்சி, இது நாகர்கோவில் காயாணு!" என்றார் அதே வியாபாரி. அதே கூடை!

இரண்டு பாஷையும் தெரியாத ஆள் இந்தப் பக்கம் யார் இருக்கிறார்? முறைத்தேன்.

"வெயிலுக்கு வெள்ளரி வேணுமா, அதுக்க ஊரு வேணுமா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்.

வீட்டுக்கு வந்து முதல் துண்டை நானே தின்று பார்த்தேன். துளிகூடக் கசக்கவில்லை.

கசந்திருந்தால், மருந்தடிக்காத உள்ளூர்க் காய்தான் என்று நிம்மதியாக மகளுக்குக் கொடுத்திருப்பேன். நீங்களானால் கொடுப்பீர்களா?