லிவாய் அழைத்து வந்த உறவினர்கள்

எங்கள் தீவின் நவுவா ஆற்றில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர்களில் வாய் ஓயாதவன் என் தங்கை புருஷன் லிவாய். கடற்கரை ஓட்டல்களிலிருந்து வருகிறவர்களைப் பாலத்தடியில் ஏற்றிக்கொண்டு, மேலே எங்கள் நசோலோ ஊர்வரை வருவான். வழியில் உள்ள அருவிகளுக்கெல்லாம் அவனே பெயர் வைத்திருக்கிறான். மழைக்காலத்தில் புதிதாக நாலு அருவி விழுந்தால் அவற்றுக்கும் அன்றைக்கே பெயர் வைத்துவிடுவான். திரும்பும்போது எல்லோரையும் மூங்கில் தெப்பத்தில் ஏற்றி ஆற்றோடு விடுவான். எங்கள் தெப்பம் பாதி முங்கித்தான் மிதக்கும். "இது முங்கிடாதா?" என்று யாராவது பயந்தால், "முங்கும். ஆனா இன்னிக்கு இல்ல" என்பான்.

இன்னொரு வேலையும் அவனுக்கு உண்டு. தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற காவா வேரை ஒரு கட்டு வைத்து அனுமதி கேட்காமல் எங்கள் ஊருக்குள் யாரும் நுழைய முடியாது. அதற்கு வருகிற கூட்டத்துக்கு ஒரு தலைவர் வேண்டும். லிவாய் படகிலேயே தொப்பையைப் பார்த்து ஒருவரைத் தலைவராக்கிவிடுவான். தலைவருக்காக எங்கள் மொழியில் பேசுவது அவன். எங்கள் பக்கம் வேரை வாங்கிக்கொள்வது என் அப்பா கெலெபி. நான் இலைப்பாவாடை கட்டிக்கொண்டு மரத்தொட்டியில் காவா கரைக்கிறவன். கரைக்கிறவன் வாயைத் திறக்கக்கூடாது. அதனால் கண்ணையும் காதையும் நன்றாகத் திறந்து வைத்திருப்பேன்.

போன வருஷம் எங்கள் அம்மா இறந்துபோனாள். அடக்கத்துக்குக் கடற்கரை ஊர்களிலிருந்துகூட ஜனங்கள் பாயும் காவாவும் சுமந்து வந்தார்கள். மருமகன் வரவில்லை. அன்றைக்கு ஒரு பெரிய கூட்டத்தை மேல் அருவிக்கு ஏற்றிப்போவதாகச் சொல்லியிருந்தானாம். முடித்துவிட்டு மறுநாள் வரலாம் என்று நினைத்தானாம். அந்த அருவிக்கு எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதை மட்டும் அவன் நினைக்கவில்லை.

அம்மாவின் பெட்டியைத் தூக்குகிற நேரத்துக்குப் படகு வந்தது. எங்களைப் பார்த்ததும் லிவாய் மரியாதைக்காக இன்ஜினை நிறுத்திவிட்டுக் கழி ஊன்றினான். இன்ஜின் சத்தம் நின்றதால் படகில் இருந்தவர்கள் சிரித்தது கரைக்கு நன்றாகக் கேட்டது. கூட்டமாக நின்ற எங்களைப் பார்த்து, வரவேற்கத்தான் நிற்கிறோம் என்று நினைத்து, "புலா! புலா!" என்று எங்கள் மொழியில் வணக்கம் சொல்லிக் கையை ஆட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் பதிலுக்கு ஆட்டினார்கள். லிவாய் தண்ணீரையே பார்த்துக்கொண்டு போனான். என் தங்கை வாசிதி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை.

வழக்கப்படி நூறு இரவு எங்கள் துறையில் யாரும் மீன் பிடிக்கவில்லை, குளிக்கவில்லை, படகும் அணையவில்லை. அது முடிந்ததும் சுற்றுலா மறுபடி தொடங்கியது. துக்கத்துக்கும் பிழைப்புக்கும் எங்களிடம் இருப்பது ஒரே ஆறுதான். லிவாய் தினமும் பொண்டாட்டியின் ஊருக்கு வந்தான். வாசிதி வந்தவர்களுக்கெல்லாம் வாழையிலையில் கிழங்கும் கோழியும் வைத்தாள். அவனுக்கும் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் தெப்பம் கட்டும்போது லிவாய் என்னிடம் வந்து நிற்பான்.

"மச்சான், உன் தங்கச்சி என்ன சொல்றா?"

"ஒன்னும் சொல்லல."

"என்னப் பத்தி?"

"உன்னப் பத்தித்தான் ஒன்னும் சொல்லல. மத்தவங்களப் பத்தியெல்லாம் நல்லாவே பேசுறா."

"விளையாடாத மச்சான். அவ இல்லாம வீட்டுக்குப் போகவே பிடிக்கல."

"அப்ப உங்க பெரியவங்களக் கூட்டிட்டு வந்து எங்க அப்பா முன்னாடி காவா வச்சுக் கேளு மாப்பிள்ள. தெப்பத்துகிட்ட நின்னு அழுதா அவ வந்துருவாளா?"

"கூப்பிட்டேன். 'நீ பண்ணின வேலைக்கு நாங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது'ங்கறாங்க."

அவர்கள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் மன்னிப்பைத் தனியாளாக வந்து கேட்க முடியாது. நம் ஜனம் நமக்காக வந்து உட்கார்ந்து தலைகுனிய வேண்டும். ஜனம் வராதவனுக்கு மன்னிப்பு இல்லை.

ஒரு புதன்கிழமை டெரன்ஸ் என்பவரைத் தலைவராகக் கூட்டி வந்தான். ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊரில் கசாப்புக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். தொப்பையில் குறை சொல்ல முடியாது. "நான் என்ன செய்யறனோ அதையே செய்யுங்க" என்று படகிலேயே எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தான்.

வேர்க்கட்டை அப்பா முன் வைத்து, லிவாய் வழக்கம்போல் ஆரம்பித்தான். ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கடல் தாண்டி வந்தவர்களை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றான். அதுவரை மூச்சுவிடாமல் சொன்னவன் அங்கே நின்றான்.

"அப்புறம், இந்த வீட்டு அம்மாவப் பொதைச்ச அன்னிக்கு, ஆத்துல சிரிப்புச் சத்தத்தோட படகு ஓட்டிட்டுப் போனானே ஒரு பாவி, அவனுக்காகவும் இத வைக்கிறோம். அவன் செஞ்சது தப்பு. அவன் பொண்டாட்டிய அவன்கூட அனுப்பி வைக்கணும்."

வேரைத் தொடப் போன அப்பாவின் கை அப்படியே நின்றது. என் கை தொட்டிக்குள் நின்றது. லிவாய் பாயில் நெற்றியை வைத்துக் குனிந்தான். டெரன்ஸ் அவனைப் பார்த்தார், பிறகு முனகிக்கொண்டே தானும் குனிந்தார். பின்னால் இருந்த அத்தனை பேரும் குனிந்தார்கள். படம் எடுத்துக்கொண்டிருந்த ஜப்பான் அம்மாள்கூடக் கேமராவை வைத்துவிட்டுக் குனிந்தார்.

"இவங்கள்லாம் யாருடா?" என்றார் அப்பா.

"எங்க ஜனம், மாமா."

"இந்தக் குண்டன்?"

"எங்க பெரியப்பான்னு வச்சுக்கங்க."

"என்னடா, கேலியா? உன் சொந்த ஜனம் எங்க?"

லிவாய் தலையைத் தூக்கவில்லை. "யாரும் வரமாட்டேன்னுட்டாங்க மாமா. எனக்காகக் குனியறதுக்கு இவங்கதான் கெடைச்சாங்க."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பேசக்கூடாது என்பதால் அடக்கினேன். பிறகு லிவாயின் குனிந்த தலையைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. அப்பா அந்த முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். டெரன்ஸுக்கு மூச்சு வாங்கியது. அப்பா வேரைத் தொட்டு எடுத்தார். ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக உள்ளங்கையைக் குவித்துத் தட்டினார். விருந்தாளிகளும் நிமிர்ந்து உற்சாகமாகத் தட்டினார்கள், எப்போதும்போல் தேவைக்கு அதிகமாக.

அப்போதுதான் வாசலிலிருந்து வாசிதியின் குரல் வந்தது.

"அப்பாகிட்டக் கேட்டாச்சு. அம்மாகிட்ட யாரு கேக்கறது? அவளப் பொதைச்ச எடமாவது இவருக்குத் தெரியுமா?"

லிவாய்க்குத் தெரியாது. எழுந்து அவள் பின்னால் போனான். அவன் போனதும் டெரன்ஸ் போனார். டெரன்ஸ் போனதும் எல்லோரும் போனார்கள். அடுத்து பார்க்க வேண்டிய இடம் இதுதான்போல என்று தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டே ஏறினார்கள். நான் தொட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அதுவும் வழக்கத்துக்கு விரோதம்தான்.

லிவாய் அம்மாவைப் புதைத்த மண்மேட்டின் பக்கத்தில் மண்டிபோட்டான். வாயைத் திறந்தான், மூடினான்.

கூட்டத்தில் ஒரு பெண், இது யாருடைய கல்லறை என்று மெதுவாகக் கேட்டாள். வாசிதி அவர்கள் மொழியிலேயே சொன்னாள்: "எங்க அம்மா. இவரோட மாமியார். இவரு அடக்கத்துக்கு இன்னிக்குத்தான் வந்திருக்காரு."

டெரன்ஸ் தொப்பியைக் கழற்றினார்.

துக்கத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் அவர்களோடு சேர்ந்து முதலிலிருந்து அழுவது எங்கள் பெண்களின் வழக்கம். வாசிதி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பெருங்குரலெடுத்து அழுதாள். அடக்கத்தன்று அவள் அப்படி அழவில்லை. வர வேண்டியவன் வரட்டும் என்று இத்தனை நாளும் அவள் அந்த அழுகையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள் என்பது கூடப்பிறந்த எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊர்ப் பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஜப்பான் அம்மாளும் அழுதார்.

வெயில் சாய்கிற நேரத்தில் வாசிதி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இவங்க பாவம், இன்னும் சாப்பிடக்கூட இல்ல. எல நான் போடறேன்" என்றாள் அவனிடம். "அதுக்குள்ள என் பாயச் சுருட்டிப் படகுல வைங்க."