தட்டில் போடாத தயிர்சாதம்

அச்சு எடுத்து என் இடது காதுக்கென்றே வார்த்த ஒரு சின்னக் குமிழ் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பழுப்பேறி, பார்க்கச் சகிக்காது. எண்பதுகளில் டெக்சாஸின் ஒரு சிற்றூர் மருத்துவமனையில் நான் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸாக இருந்தேன். அந்தக் குமிழிலிருந்து ஒரு குழாய், நோயாளியின் நெஞ்சில் ஒட்டிய ஸ்டெதாஸ்கோப்புக்குப் போகும். ஆபரேஷன் முடியும்வரை அந்த இதயம் என் காதுக்குள் அடித்துக்கொண்டே இருக்கும். மயக்க மருந்துக்கென்று தனி டாக்டர் அந்த ஊரில் கிடையாது. கத்தி சர்ஜன் கையில், மூச்சு என் பொறுப்பில்.

எங்களைத் தவிர அந்த ஊரிலிருந்த ஒரே தமிழ்க் குடும்பம் ஆன்ட்டியுடையது. அங்கிள் கல்லூரிப் பேராசிரியர். வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மகா மேதை. எப்போது போனாலும் ஆன்ட்டி எல்லோருக்கும் பரிமாறுவார். "நீங்களும் உக்காருங்க" என்றால், "எனக்குப் பசிக்கலம்மா" என்பார். பிறகு கிச்சனில் நின்றபடியே, பாத்திரத்தில் ஒட்டியிருப்பதை வழித்து வாயில் போட்டுக்கொள்வார். அவர் தட்டு வைத்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அவருக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு முந்தின இரவிலிருந்தே வயிறு காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மயக்கத்தில் சோறு மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும், ஆளே போய்விடலாம். காலையில் வார்டு நர்ஸ் கேட்டாள், சர்ஜன் கேட்டார், நானும் கேட்டேன். எல்லோருக்கும் ஒரே பதில்: ஒன்றும் சாப்பிடவில்லை. ஆன்ட்டிக்குப் பொய் சொல்லவே வராது. மேசையில் படுக்கவைத்து ஊசியைக் கையில் எடுத்தேன். பயத்தில் அவர் பேசிக்கொண்டே போனார்.

"விடியக்காலையிலேயே அங்கிளுக்கு எல்லாம் சமைச்சு ஃப்ரிட்ஜ்ல அடுக்கிட்டேன்மா. சாம்பார், பொரியல், தயிர்சாதம்…"

எனக்குச் சுரீர் என்றது. "ஆன்ட்டி, பாத்திரத்துல மிச்சம் இருந்துச்சா?"

"கொஞ்சம்தாம்மா. டப்பால எடம் பத்தல. சோத்தைக் குப்பையில கொட்டுவாங்களா? நின்னுக்கிட்டே நாலு வாய் போட்டுக்கிட்டேன். அது என்ன சாப்பாடா?"

ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். சர்ஜன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியேறினார். வெளியே காத்திருந்த அங்கிள்தான் குதித்தார். "லீவ் போட்டுட்டு வந்திருக்கேன். நாலு வாய் சோத்துக்கா கேன்சல் பண்றே?" என்றார். "ஆமா அங்கிள், அந்த நாலு வாய்க்குத்தான்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். போகட்டும் என்று விட்டுவிட்டேன். தன் வயிற்றுக்குள் போனதைச் சாப்பாட்டிலேயே சேர்க்காத பெண்ணிடம் "சாப்பிட்டீர்களா" என்று கேட்டு என்ன பிரயோஜனம்? இந்த நினைப்பு அன்றைக்குப் பூராவும் என்னை அறுத்தது. ஆன்ட்டியின் மேல் கோபம் வந்தது. அவரை ஒரு நாளும் உட்கார்ந்து சாப்பிடவிடாத எங்கள் எல்லோர் மேலும் வந்தது.

மறுநாள் மேசையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்குக் கிச்சன் பக்கமே போகலம்மா. என் நெஞ்சுலேர்ந்து காதை மட்டும் எடுத்துடாதே."

"எடுக்க மாட்டேன், ஆன்ட்டி."

எடுக்கவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்து, அவர் கண்விழித்து, "அங்கிள் சாப்பிட்டாரா?" என்று குழறும்வரை எடுக்கவில்லை.

இப்போது ஆபரேஷன் அறையில் எல்லாவற்றையும் திரைகளே சொல்லிவிடுகின்றன. நானும் ஓய்வுபெற்றுப் பல காலமாகிறது. போன மாதம் அங்கிள் ஃபோன் பண்ணினார். ஆன்ட்டி தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

"எல்லாரும் சாப்பிடச் சொல்றாங்கம்மா. ஃப்ரிட்ஜைத் திறந்தேன். எல்லாம் சமைச்சு அடுக்கி வச்சிருக்கா. தயிர்சாதம்கூட."

ஃபோனை வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தேன். அந்தக் குமிழைக் காதில் வைத்துக்கொண்டேன். வயதானதில் காதும் மாறிவிட்டது போலிருக்கிறது, சரியாகப் பொருந்தவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேனே. வெகுநேரம் எடுக்காமலே உட்கார்ந்திருந்தேன்.